கறுப்பா இருந்தா எரிமலைக் கல்லா? பசால்ட்டின் சுவடுத் தனிமங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு ஊர் பாம்பன். நிலவியல் படித்துவிட்டு சில வருஷம் மகாராஷ்டிர மலைச்சரிவுகளில் லாவா அடுக்குகளிலிருந்து கல் எடுப்பது, பொடிப்பது, அமிலத்தில் கரைப்பது, எண்களைப் பதிவது என்று இருந்தேன். ஊருக்குத் திரும்பிய பிறகு டீக்கடையிலும் வலை பின்னும் கொட்டகையிலும் மண்டபம் பஸ்ஸிலும் ஆட்கள் கேட்பது திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொல்லி எனக்கே மனசு ஆறவில்லை, அதனால் முழுசாக இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

அண்ணே, அலை தடுக்கப் போட்டிருக்கிற கருங்கல்லெல்லாம் எரிமலைக் கல்லுதானே?

இல்லை. அவை உள்நாட்டுக் குவாரியிலிருந்து லாரியில் வந்தவை. தமிழ்நாட்டில் நாம் கருங்கல் என்று சொல்வதில் பெரும்பகுதி சார்னோக்கைட், நைஸ், கிரானைட் வகைகள். சார்னோக்கைட் என்ற பெயரே சென்னைப் பக்கத்துக் கல்லால் வந்தது: கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக்கு இங்கிருந்து போன கல் அந்த வகை. அது பூமிக்குள் வெகு ஆழத்தில், கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறிய பாறை. எரிமலையிலிருந்து வழிந்து ஓடியது இல்லை.

ஒரு துண்டை உடைத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். சார்னோக்கைட்டின் புது முகத்தில் எண்ணெய் தடவியதுபோல ஒரு பச்சைப் பழுப்பு மினுமினுப்பு இருக்கும், படிகங்கள் மணி மணியாகக் கண்ணுக்கே தெரியும். பசால்ட் அப்படி இல்லை. முகம் மங்கிய சாம்பல் கறுப்பாக இருக்கும், லென்ஸ் வைத்தால்தான் மணி தெரியும், காற்றுக்குமிழி இருந்த பொத்தல்களும் பல துண்டுகளில் இருக்கும். ராமேஸ்வரம் தீவின் கதையோ வேறு: அடியில் பவளப்பாறை, மேலே மணல்.

அப்ப பசால்ட்னா என்ன? நமக்குக் கிட்ட எங்க இருக்கு?

மேன்டில் எனப்படும் பூமியின் நடுக்கவசம் கொஞ்சம் உருகி, அந்தக் குழம்பு மேலே வந்து வழிந்து சீக்கிரம் ஆறினால் கிடைப்பது பசால்ட். சிலிக்கா எடையில் 45 முதல் 52 சதவீதம், இரும்பும் மக்னீசியமும் தாராளம். குழம்பு நீர்த்து இருப்பதால் கூம்பு மலையாகக் குவியாமல் வெகுதூரம் ஓடும். இந்தியாவில் பெரிய பரப்பு தக்காணப் பீடபூமி: சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வழிந்த லாவா, இன்று மிஞ்சியிருப்பதே ஏறக்குறைய 5 லட்சம் சதுர கிலோமீட்டர். அஜந்தாவும் எல்லோராவும் அந்தக் கல்லில் குடைந்தவைதான்.

தமிழ்நாட்டுக்குள் என்றால் கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் டோலரைட் சுவர்கள் உண்டு. பசால்ட் குழம்பு நிலப் பிளவுகளுக்குள்ளேயே நின்று ஆறியது டோலரைட், வயது 200 கோடி ஆண்டுக்கும் மேல். பளபளப்பாக்கி ‘கறுப்பு கிரானைட்’ என்று விற்கப்படும் பலகைகளில் நிறைய இந்த வகை. அப்புறம், நம் கரையில் லாவா இல்லை என்றாலும் கடலுக்கு அடியில் உண்டு. 2011இல் மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கம் எரிவாயுவுக்காகத் துளையிட்டபோது, வண்டலுக்கு வெகு ஆழத்தில் எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. தென்கடலில் வலை வீசும்போது அதற்கு மேலேதான் மிதக்கிறோம் என்று நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

சுவடுத் தனிமம், சுவடுத் தனிமம்ங்கிறீங்களே, எவ்வளவு இருந்தா சுவடு?

எடையில் 0.1 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் சுவடு, அதாவது 1000 பிபிஎம்முக்குள். பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு டன் நெத்திலிக் கருவாட்டுக் குவியலில் ஒரே ஒரு கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் 1 பிபிஎம்.

நிஜக் கல்லிலிருந்து ஓர் உதாரணம். ஹவாயின் கிலாவேயா எரிமலையில் 1919இல் வழிந்த லாவாவை எடுத்துப் பொடித்து, பிஎச்விஓ-2 என்ற பெயரில் அமெரிக்க நிலவியல் அளவைத் துறை உலகெங்கும் உள்ள ஆய்வகங்களுக்குக் கொடுக்கிறது, தராசுக்குப் படிக்கல் மாதிரி. அதில் ஸ்ட்ரான்ஷியம் சுமார் 390 பிபிஎம், குரோமியம் 280, சிர்கோனியம் 170, பேரியம் 130, நிக்கல் 120. நியோபியம் 18, லாந்தனம் 15, ருபீடியம் 9 என்று இறங்கி, தோரியம் 1.2, யுரேனியம் 0.4க்கு வந்து நிற்கும். யுரேனியம் டன்னுக்கு அரை கிராம்கூட இல்லை, ஆனாலும் அதை அளக்க முடிகிறது.

இத்துனூண்டு இருக்கிறத வச்சு என்னத்தக் கண்டுபிடிப்பீங்க? சிலிக்கா, இரும்புன்னு பெருசா இருக்கிறதப் பாத்தா போதாதா?

போதாது, ஏனென்றால் பெரிய தனிமங்கள் எல்லாப் பசால்ட்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கும். ஹவாய், தக்காணம், ஐஸ்லாந்து, எங்கே எடுத்தாலும் சிலிக்கா அந்த 45க்கும் 52க்கும் நடுவேதான். சுவடுத் தனிமங்களோ ஒரு பசால்ட்டுக்கும் இன்னொன்றுக்கும் பத்து மடங்கு, சில சமயம் நூறு மடங்கு மாறும்.

ஏன் மாறுகின்றன என்பதற்கு நம் உப்பளத்துக்கு வாருங்கள், வாலிநோக்கம் பக்கம் போனவர்களுக்கு இது கண்ணால் கண்ட விஷயம். கடல்நீரைப் பாத்தியில் விட்டு வெயிலில் வைத்தால் முதலில் ஜிப்சம் படியும், நீரின் அடர்த்தியைக் காட்டும் போமே டிகிரி 25ஐத் தொடும்போது உப்பு இறங்கத் தொடங்கும். உப்புப் படிகம் தனக்குப் பிடித்த சோடியத்தையும் குளோரினையும் மட்டும் எடுத்துக்கொள்ளும். கடல்நீரில் 65 பிபிஎம் அளவே இருக்கும் புரோமினை அது கிட்டத்தட்ட சேர்க்காது. உப்பை வாரி வாரி எடுக்க, பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் புரோமின் சேர்ந்துகொண்டே போய் லிட்டருக்கு 2 கிராமையும் தாண்டிவிடும், அந்த நீரிலிருந்துதான் ஆலைகள் புரோமின் எடுக்கின்றன. மாக்மா எனப்படும் பாறைக் குழம்பிலும் இதேதான் நடக்கிறது. ஆலிவின், பைராக்ஸீன், பிளாஜியோகிளேஸ் என்று படிகங்கள் வரிசையாக விழ, அவற்றுக்குள் இடம் கிடைக்காத தனிமங்கள் மிஞ்சிய குழம்பில் கூடிக்கொண்டே போகும். ருபீடியம், பேரியம், தோரியம், நியோபியம், லாந்தனம், சிர்கோனியம் இந்த ரகம், இவற்றை ஒவ்வாத் தனிமங்கள் என்போம். நிக்கல், குரோமியம், ஸ்காண்டியம் மாதிரியானவை படிகத்துக்குள் ஓடி உட்காரும், அவை ஒத்த தனிமங்கள்.

உள்ளே போகுமா, வெளியே நிற்குமா என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு: அணுவின் பருமனும் அதன் மின்சுமையும். நிக்கல், மக்னீசியம் அளவே இருப்பதால் ஆலிவினில் மக்னீசியத்தின் இடத்தில் சுலபமாக உட்கார்ந்துவிடுகிறது. பேரியம் பருத்தது. நியோபியம் அத்தனை பருமன் இல்லை, ஆனால் சுமை அதிகம். இரண்டுக்குமே ஆலிவினில் இடம் இல்லை.

நிக்கல் குறைஞ்சா என்ன, கூடினா என்ன? அதுல என்ன கதை?

நான் கல்லின் எண்களைக் கையில் வாங்கியதும் முதலில் பார்ப்பது நிக்கலைத்தான். மேன்டில் பாறையில் நிக்கல் 2000 பிபிஎம் பக்கம் இருக்கும். அதிலிருந்து நேராக உருகி வந்த குழம்பில் 300 அளவு எதிர்பார்க்கலாம். ஆலிவின் தன்னைச் சுற்றியிருக்கும் குழம்பைவிடச் சுமார் பத்து மடங்கு நிக்கலை இழுத்துக்கொள்ளும். அதனால் குழம்பில் ஐந்தில் ஒரு பங்கு ஆலிவினாகப் படிந்து ஒதுங்கினாலே, மிச்சத்தில் நிக்கல் 300இலிருந்து 40க்கு விழுந்துவிடும். அதே நேரத்தில் சிர்கோனியம் 160இலிருந்து 200க்குத்தான் ஏறும்.

ஆக 40 பிபிஎம் நிக்கல் காட்டும் பசால்ட், வரும் வழியில் எங்கோ ஓர் அறையில் தங்கி, படிகங்களைக் கொட்டிவிட்டுத்தான் மேலே வந்திருக்கிறது. இந்த ஒரே எண்ணில் பல கிலோமீட்டர் ஆழத்தில் நடந்த சங்கதி இருக்கிறது. அதனால்தான் இந்தத் துறையை விட எனக்கு மனசு வரவில்லை.

ராமேஸ்வரத்துல மிதக்கிற கல்லு இருக்கே, அது எரிமலைக் கல்லா, பவளமா? நேரடியாச் சொல்லுங்க.

நம்பிக்கையோடு வணங்கும் கல்லைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை, அவற்றை நான் சோதித்ததும் இல்லை. கரையில் ஒதுங்கி நீங்கள் கையில் எடுத்துவரும் கல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தண்ணீரில் மிதக்கும் எரிமலைக் கல் என்றால் அது பியூமிஸ் எனப்படும் நுரைக்கல், நுரைத்த எரிமலைக் கண்ணாடி. பெரும்பாலும் சிலிக்கா அதிகமுள்ள குழம்பிலிருந்து வருவது, பசால்ட் இல்லை. பொத்தலுள்ள பசால்ட்டும் உண்டு, ஆனால் அது கனமானது, பொதுவாக மூழ்கிவிடும். 1883 ஆகஸ்டில் இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா வெடித்தபோது கிளம்பிய நுரைக்கல் இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கிழக்குக் கரைவரை மிதந்து போனது. அதனால் நம் கரையில் ஒரு துண்டு ஒதுங்குவதில் ஆச்சரியம் இல்லை. தனுஷ்கோடி பக்கம் நானே இரண்டு துண்டுகள் பார்த்திருக்கிறேன். எலுமிச்சை அளவு, சாம்பல் வெள்ளை, விரலால் தேய்த்தால் கண்ணாடித் தூள்போல நறநறத்தது. ஒன்றில் கொட்டலசு ஒட்டியிருந்தது, பல மாதம் கடலில் திரிந்த அடையாளம்.

வீட்டில் சோதிக்க ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு போதும். பவளம் சுண்ணாம்பு, அதனால் பொங்கும். நுரைக்கல் பொங்காது. பவளத்தில் பூப்பூவாக ஒழுங்கான குழிகள் இருக்கும், நுரைக்கல்லில் குமிழிகள் தாறுமாறாக இழுபட்டிருக்கும். ஆய்வகத்தில் என்றால் ஒரே தனிமம் பிரித்துக் காட்டிவிடும்: பவளத்தில் ஸ்ட்ரான்ஷியம் 7000 பிபிஎம்முக்கும் மேல், ஏனென்றால் கால்சியத்தின் இடத்தில் அது தாராளமாக உட்காரும். எரிமலைக் கல்லில் பொதுவாகச் சில நூறுதான். சிர்கோனியம் இதற்கு நேர் எதிர், எரிமலைக் கல்லில் நூற்றுக்கணக்கில் இருக்கும், பவளத்தில் கிட்டத்தட்ட இருக்காது.

கரையில கறுப்பா வரி வரியா மணல் ஒதுங்குதே, அதாச்சும் லாவா மணல்தானே?

அதுவும் இல்லை. ஹவாயில் கறுப்பு மணல் என்றால் லாவா கடலில் விழுந்து நொறுங்கிய துகள். நம் தென்கரைக் கறுப்பு மணல் இல்மனைட் எனப்படும் இரும்பு டைட்டானியக் கனிமம், கூடவே செந்நிறக் கார்னெட், சிர்கான். முதல் கேள்வியில் சொன்ன சார்னோக்கைட் மாதிரியான பாறைகள் உதிர்ந்து, ஆறுகள் கொண்டுவந்து, அலை இலேசான மணலை அரித்துக்கொண்டு போக, கனமானது தங்கிவிட்டது. முறத்தில் அரிசி புடைப்பது போலத்தான்.

லாவா எவ்வளவு ஆழத்துலேர்ந்து வந்துச்சுன்னு கல்லப் பாத்துச் சொல்ல முடியுமா சார்?

தோராயமாக முடியும். அருமண் தனிமங்கள் என்று லாந்தனத்தில் தொடங்கி லுட்டீசியம்வரை ஒரு வரிசை. வரிசையில் போகப் போக அணுவின் பருமன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், மற்றபடி குணம் கிட்டத்தட்ட ஒன்று. கடைசியில் இருக்கும் இட்டர்பியம் போன்ற சின்ன அணுக்கள் கார்னெட் படிகத்துக்குள் கச்சிதமாக உட்காரும். மேன்டிலில் ஏறக்குறைய 75, 80 கிலோமீட்டருக்குக் கீழே போனால்தான் கார்னெட் நிலைத்திருக்கும். அங்கே உருகினால் கார்னெட் இட்டர்பியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள, லாந்தனம் மட்டும் குழம்போடு மேலே வரும்.

ஆகவே லாந்தனத்தை இட்டர்பியத்தால் வகுத்துப் பார்க்கிறோம். மேலே சொன்ன பிஎச்விஓ-2இல் லாந்தனம் 15ஐ இட்டர்பியம் 2ஆல் வகுத்தால் ஏழரை வருகிறது, ஆழத்தில் கார்னெட்டோடு உறவாடிய குழம்பு. இந்தியப் பெருங்கடலின் கார்ல்ஸ்பெர்க் முகடு போன்ற நடுக்கடல் முகடுகளில் வழியும் சாதாரணப் பசால்ட்டில் இதே விகிதம் பொதுவாக ஒன்றுக்கும் கீழே. அங்கே உருகல் பெரும்பாலும் மேல்மட்டத்தில் நடக்கிறது, அதுவும் ஏற்கெனவே ஒருமுறை ஒவ்வாத் தனிமங்களைப் பறிகொடுத்த மேன்டிலிலிருந்து.

இதே வரிசையில் யூரோப்பியம் மட்டும் தனிக்குணம் காட்டும். அதற்கு இரண்டு சுமைநிலை உண்டு, ஒன்றில் ஸ்ட்ரான்ஷியம் போலவே நடந்து பிளாஜியோகிளேஸுக்குள் புகுந்துகொள்ளும். அருமண் தனிமங்களின் அளவை வரிசையாகக் குறித்த வரைபடத்தில் யூரோப்பியம் இருக்கும் இடம் பள்ளமாக இருந்தால், குழம்பிலிருந்து பிளாஜியோகிளேஸ் கழன்று போயிருக்கிறது.

அந்தமான்ல எரிமலை இருக்காமே, அந்தக் கல்லும் தக்காணக் கல்லும் ஒண்ணுதானா?

கண்ணுக்கு ஒன்று போலத் தெரியும், சுவடுகளில் ரொம்ப வேறு. அந்தமானில் இருப்பது பாரன் தீவு, இந்தியாவில் இப்போது உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை. 1787இல் அதன் சீற்றம் பதிவானது, நெடுங்காலம் அடங்கிக் கிடந்து 1991இல் மறுபடி விழித்தது. அங்கே இந்தியத் தட்டு எனப்படும் பெரிய பூமிப் பாளம் கிழக்கே பூமிக்குள் புதைகிறது. புதையும் தட்டு ஈரம் சுமந்து போகும், சூட்டில் அந்த நீர் பிரிந்து மேலே இருக்கும் மேன்டிலை நனைத்து உருக வைக்கும். நீரில் கரைந்து கூடவே வருபவை ருபீடியம், பேரியம், ஸ்ட்ரான்ஷியம், ஈயம். நியோபியமும் டான்டலமும் நீரில் கரையாமல் கீழேயே தங்கிவிடும்.

அதனால் புதையும் தட்டுக்கு மேல் பிறந்த பசால்ட்டில் பேரியம் தூக்கலாகவும், நியோபியம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளமாகவும் இருக்கும். வடகடல் மீனையும் தென்கடல் மீனையும் ருசியிலேயே பிரித்துச் சொல்லும் பெரியவர்கள் நம் ஊரில் உண்டு, அதைப் போன்றதுதான். சீரியத்தையும் ஈயத்தையும் ஒப்பிட்டும் சொல்லலாம்: கடல் நடுவே பிறந்த பசால்ட்டில் அந்த விகிதம் 25 பக்கம், கண்டங்களின் மேலோட்டுப் பாறையில் 4 பக்கம்.

வர்ற வழியில மத்த கல்லெல்லாம் கரைஞ்சு கலந்துடாதா? அப்பறம் எப்படி நம்புறது?

கலக்கும். நல்ல சந்தேகம், இந்தத் துறையில் பாதி வேலை இதைப் பிரிப்பதுதான். தக்காணத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் லாவா அடுக்குகளைப் பிரித்துத் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள்: ஜவ்ஹர், இகத்புரி, கண்டாளா, புஷே, போலாத்பூர், அம்பேனளி, மகாபலேஷ்வர் என்று போகும். இதில் புஷே அடுக்கு மேலோட்டுப் பாறையை அதிகமாகக் கரைத்துக் குடித்தது. பேரியத்தைச் சிர்கோனியத்தால் வகுத்தால் எண் உயரும், டைட்டானியம் தாழும், ஸ்ட்ரான்ஷியத்தின் 87, 86 என்ற ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் வேறு வேறு எடையுள்ள அணுக்களின்) விகிதம் 0.713க்கும் மேலே போகும். அம்பேனளியில் அதே விகிதம் 0.704 பக்கம், மேலோட்டின் வாடை மிகக் குறைவு.

படிகம் கழன்றால் மாறாதது, மேலோடு கலந்தால் மாறுவது என்று எண்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உப்பளக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். உப்பு விழ விழ, விழாத இரண்டு பொருள்கள் இரண்டுமே கூடும், ஆனால் ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் வரும் எண் அப்படியே நிற்கும். பாத்திக்குள் வேறு தண்ணீர் கலந்தால்தான் அந்த எண் நகரும்.

தக்காண லாவா நம்ம கடல்வரைக்கும் ஓடி வந்துச்சா?

ராமநாதபுரம் கரைக்கு வந்ததாக எந்தத் தடயமும் இல்லை. ஆனால் வங்காள விரிகுடாவுக்கு வந்தது. கோதாவரிக் கரையில் ராஜமுந்திரி பக்கம் ஒரு சின்னத் துண்டுப் பசால்ட் இருக்கிறது, கடலோர வண்டலுக்கு அடியிலும் எண்ணெய்க் கிணறுகளில் தட்டுப்படுகிறது. தக்காணத்தின் முக்கிய லாவா வாய்கள் இருந்த மேற்குப் பகுதியிலிருந்து அங்கே ஏறக்குறைய 1000 கிலோமீட்டர். நடுவில் தொடர்ச்சி இல்லை. அப்படியானால் அது உள்ளூரில் வெடித்ததா, அவ்வளவு தூரம் ஓடி வந்ததா என்று நெடுநாள் விவாதம்.

சுவடுத் தனிமங்களை எடுத்துப் பார்த்தபோது ராஜமுந்திரிக் கல் அம்பேனளி, மகாபலேஷ்வர் அடுக்குகளோடு பொருந்தியது. வயதும், லாவா ஆறும்போது கல்லில் பதிந்த காந்தத் திசையும் ஒத்துவந்தன. பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வழியாக ஓடி வந்த, உலகின் மிக நீண்ட லாவா ஓட்டங்களில் ஒன்று என்று இப்போது பலர் கருதுகிறார்கள். மேலே தோல் ஆறி உறைந்து கூரையாகிவிட்டால் உள்ளே குழம்பு சூடு இழக்காமல் ஓடும். காய்ச்சிய கருப்பட்டிப் பாகில் மேலே ஆடை கட்டினாலும் உள்ளே கையைச் சுடும் இல்லையா, அப்படி.

ஒரே லாவா ஓட்டத்துல எங்க எடுத்தாலும் ஒரே எண்தானா வரும்?

இல்லை, இங்கேதான் புதிதாக வருபவர்கள் வழுக்குகிறார்கள். கனத்த ஓட்டம் ஆற வருஷக்கணக்காகும். அதற்குள் ஆலிவின் கொஞ்சம் அடியில் தங்கிவிடலாம், அடிப்பகுதியில் நிக்கல் கூடும். கடைசியாக மிஞ்சும் குழம்பு குமிழிகளோடு சேர்ந்து மேலே ஏறிக் குழாய் குழாயாகவும் தகடாகவும் உறையும், அந்த இடத்தில் சிர்கோனியமும் பேரியமும் சுற்றியுள்ள கல்லைவிடத் தெளிவாக அதிகம். குமிழிப் பொத்தல்களில் பிற்பாடு வெந்நீர் புகுந்து ஜியோலைட் படிகங்களை வளர்த்திருக்கும், புனே பக்கத்துக் குவாரிகளில் வெள்ளைப் பூ பூத்தாற்போல இருக்கும். அவை அழகுதான், ஆனால் மாதிரிக்குள் வந்தால் ஸ்ட்ரான்ஷியமும் பேரியமும் கல்லின் பிறப்பைச் சொல்லாது. ஆகவே ஓட்டத்தின் நடுப்பகுதியில், பொத்தல் இல்லாத கெட்டிக் கல்லாகப் பார்த்து எடுக்க வேண்டும், ஓர் ஓட்டத்துக்கு ஒரே கல்லோடு நிறுத்தக் கூடாது.

கடல்ல ஊறின கல்லு, வெயில்ல மக்கின கல்லு, இதெல்லாம் சோதிச்சா உண்மை வருமா?

பாதி வரும். ருபீடியம், பேரியம், பொட்டாசியம், ஸ்ட்ரான்ஷியம், யுரேனியம் எல்லாம் தண்ணீரில் நகர்ந்துவிடும். சிர்கோனியம், நியோபியம், டைட்டானியம், இட்ரியம், தோரியம், அருமண் தனிமங்கள் பெரும்பாலும் இருந்த இடத்தில் இருக்கும். பழைய கல், மக்கிய கல் என்றால் இரண்டாவது கூட்டத்தை மட்டும் நம்புங்கள். ஆழத்தைச் சொல்லும் விகிதமும் நியோபியப் பள்ளமும் இவ்வளவு பயன்படுவதற்கு ஒரு காரணம் இதுதான்.

கல்ல ஆய்வகத்துக்குக் குடுக்கணும்னா எப்படி எடுக்கணும்?

மக்கிய தோலைச் சுத்தியலால் தட்டி நீக்கிவிட்டு உள்ளேயிருக்கும் புதுக்கல்லாக ஒரு கிலோவாவது எடுங்கள். சுத்தியல் பட்ட இரும்புக் கீறல் உள்ள சில்லுகளை ஒதுக்கிவிடுங்கள். நல்ல தண்ணீரில் பலமுறை அலசிக் காயவைக்க வேண்டும், நம் ஊர்க் காற்றே உப்பு. முக்கியமாக, படகுத்துறை மணலில் வைத்து உடைக்காதீர்கள். மேலே சொன்ன கறுப்பு மணலில் சிர்கான் இருக்கிறது, அதன் எடையில் பாதி சிர்கோனியம். ஒரு கிலோ கல்லோடு ஒரு கிராம் சிர்கான் சேர்ந்தால் 500 பிபிஎம் ஏறிவிடும், கல்லின் சொந்தக் கணக்கு அதில் மூழ்கிப்போகும்.

அரைக்கும் ஆலையும் முக்கியம். நான் படித்த காலத்தில் ஓர் ஆய்வகத்தில் இருபது மாதிரியை டங்ஸ்டன் கார்பைடு ஆலையில் அரைத்துக் கொடுத்துவிட்டார்கள். கோபால்ட் எல்லாக் கல்லிலும் எகிறியிருந்தது, ஆலையிலிருந்து உதிர்ந்தது. டான்டலமும் சந்தேகத்துக்கு இடமாகிவிட்டது. மூன்று வாரம் மலை ஏறி எடுத்த கல், அந்த இரண்டு தனிமங்களையும் விட்டுவிட்டுத்தான் எழுத வேண்டியிருந்தது. அகேட் என்ற கெட்டிக் கல்லால் ஆன ஆலையில் அரைக்கச் சொல்லி முன்னாலேயே எழுதிக் கொடுங்கள். சிர்கோனியம், நிக்கல் மாதிரி தாராளமாக இருப்பவைக்கு எக்ஸ் கதிரால் அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் போதும், அருமண், தோரியம், யுரேனியம் வேண்டுமென்றால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைத்து, அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் ஐசிபி-எம்எஸ் கருவியில் பார்க்க வேண்டும். கூடவே பிஎச்விஓ-2 ஓட்டினார்களா, என்ன எண் வந்தது என்று கேட்டு வாங்குங்கள். அந்த எண் சரியில்லை என்றால் உங்கள் எண்ணும் சரியில்லை.

அருமண் தனிமத்துக்கு இப்ப நல்ல விலைங்கிறாங்க. பசால்ட்ட உடைச்சு எடுக்கலாமே?

கணக்குக்கு ஒத்துவராது. 15 பிபிஎம் லாந்தனம் என்றால் டன்னுக்கு 15 கிராம், அதைப் பிரிக்க ஆகும் அமிலச் செலவே தாங்காது. மோனசைட் மாதிரி அருமண் தனிமமே பெரும்பங்கான கனிமங்கள்தான் தொழிலுக்கு.

ரெண்டு கல்லு ஒரே எண் காட்டினா ரெண்டும் ஒரே லாவான்னு அடிச்சுச் சொல்லலாமா?

சொல்லக் கூடாது. எண் பொருந்தவில்லை என்றால் வேறு வேறு என்று தைரியமாகச் சொல்லலாம். பொருந்தினால் ‘ஒன்றாக இருக்கலாம்’ என்பதோடு நில்லுங்கள். ஒரே அறையிலிருந்து பல ஆயிரம் ஆண்டு இடைவெளியில் இரண்டு ஓட்டங்கள் ஒரே ரசாயனத்தோடு வரலாம். ராஜமுந்திரியில் வயதும் காந்தத் திசையும் ஏன் கூட வேண்டியிருந்தது என்று இப்போது புரியும். பத்துத் தனிமம் பொருந்தி ஒன்று மட்டும் பொருந்தவில்லை என்றால் அந்த ஒன்றைத் தள்ளிவிடாதீர்கள். முதலில் அது நகரும் தனிமமா, ஆலையிலிருந்து வந்ததா என்று பாருங்கள், இரண்டும் இல்லை என்றால் கல் உண்மையிலேயே வேறாக இருக்கலாம்.

எங்க வீட்டுல ஒரு கறுப்புக் கல்லு இருக்கு, கொண்டு வரட்டுமா அண்ணே?

தாராளமாகக் கொண்டு வாருங்கள். ஒரு முனையில் புதிதாக உடைத்த முகம் இருக்கட்டும், எங்கே எடுத்தது என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள், இடம் தெரியாத கல்லை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எலுமிச்சைச் சாறும் லென்ஸும் என்னிடம் இருக்கின்றன. ஒரே ஒரு வேண்டுகோள்: தீவுப் பக்கம் போய்ப் பவளத்தைப் பெயர்த்துக் கொண்டுவராதீர்கள். கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, உடைத்தாலும் வீட்டில் வைத்தாலும் குற்றம். சந்தேகமாக இருந்தால் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துப் படம் எடுத்து வாருங்கள், அளவும் தெரியும். பவளக் குழியா, எரிமலைக் குமிழியா என்பது பெரும்பாலும் படத்திலேயே தெரிந்துவிடும்.